இயக்க அமைப்பு இடம் பெயருமா?

திருச்சிராப்பள்ளி மாவட்டம் துறையூர் வட்டத்தில், ஒருபுறம் கொல்லிமலையும் மறுபுறம் பச்சைமலையும் தோன்ற அமைந்துள்ள பேரூர் உப்பிலியபுரம். தமிழகத்தின் மற்ற ஊர்ப்புறங்களைப் போலவே இவ்வட்டாரத்திலும் பல வீடுகளுக்குக் கணிப்பொறி முதன்முதலாக வந்தது கடையிலிருந்து அன்று, பள்ளிக்கூடத்திலிருந்து. தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கீழ் மாநிலம் முழுவதும் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. அவற்றுள் பலவற்றில் விண்டோஸ் ஒன்று, பாஸ் லினக்ஸ் ஒன்று என இரண்டு இயக்க அமைப்புகள் இருந்தன. பாஸ் லினக்ஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு, 'டெபியன்' என்னும் லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது; 2007ஆம் ஆண்டு வெளிவந்தது.

அந்த மடிக்கணினிகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. முதலில் மின்கலம் ஓய்ந்துபோகும். பிறகு விசைப்பலகையில் சில விசைகள் வேலை செய்யா. ஒருநாள் 'மதர்போர்டு' எனப்படும் தாய்ப்பலகையே பழுதாகும். அப்படிப்பட்ட ஒரு மடிக்கணினி உங்கள் வீட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாய்ப்பலகையை மாற்றும் செலவுக்கு வேறொரு பழைய கணிப்பொறியையே வாங்கிவிடலாம் என்கிறார் பழுது பார்ப்பவர். ஆனால் வன்தட்டு, அதாவது 'ஹார்டு டிஸ்க்', பழுதில்லாமல் இருக்கிறது. இயக்க அமைப்பும், நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த அமைப்புகளும், கோப்புகளும் அதில்தான் உள்ளன. அதைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் மாட்டினால், பழைய திரை, பழைய எழுத்து, பழைய கோப்புகளோடு அது எழுந்து நிற்குமா?

சில நேரம் நிற்கும். சில நேரம் நிற்காது. இரண்டுக்கும் காரணம் உண்டு. அக்காரணங்களை அறிந்துகொண்டால், எது பெயரும், எது பெயராது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

கோப்புகள் மட்டும் போதாவா?

'இயக்க அமைப்பு எதற்கு? கோப்புகளை மட்டும் நகல் எடுத்துக்கொண்டால் போதுமே' என்று நீங்கள் கேட்கலாம். பல நேரங்களில் அது நியாயமான வழிதான். ஆனால் தமிழில் வேலை செய்தவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு.

கணிப்பொறி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. 'அ'வுக்கு எந்த எண், 'க'வுக்கு எந்த எண் என்பதில் ஒரு காலத்தில் பொது ஒழுங்கு இல்லை. எழுத்துரு செய்த ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எண்களைக் கொடுத்தது. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி 'தமிழ் 99' விசைப்பலகையும், டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளும் அறிவிக்கப்பட்டன. 2010ஆம் ஆண்டு ஒருங்குறி எனப்படும் யூனிகோடையும், டேஸ்-16 என்னும் முறையையும் தமிழக அரசு ஏற்றது. அதற்கு முன்னும், அதற்குப் பின் சில ஆண்டுகள் வரையும், பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தீர்மானங்கள், விழா மலர்கள், அழைப்பிதழ்கள், பாடக் குறிப்புகள் ஏராளம். அந்தக் கோப்பை மட்டும் வேறொரு கணிப்பொறிக்குக் கொண்டுபோய்த் திறந்தால், உரிய எழுத்துரு அங்கே இல்லாதபோது, தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தோன்றும். கோப்பு கெடவில்லை, அதைப் படிக்கும் திறவுகோல்தான் உடன் வரவில்லை.

இயக்க அமைப்பு முழுவதையும் பெயர்த்துக் கொண்டுவந்தால் எழுத்துரு, விசைப்பலகை அமைப்பு, தட்டச்சுச் செயலி ஆகிய யாவும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. நாற்றை வேர் மண்ணோடு பெயர்ப்பதற்கு இதை ஒப்பிடலாம்.

பெயர்த்து நடுதல்

நாற்று நடவு உப்பிலியபுரம் வட்டாரத்து உழவர்களுக்குப் புதிதன்று. நெல்லையும் மிளகாயையும் கத்தரியையும் நாற்றங்காலில் வளர்த்துப் பறித்து வேறிடத்தில் நடுகிறோம். புதிய மண்ணில் அவை சில நாள் வாடி, பிறகு பச்சை பிடித்து எழுகின்றன. நிலக்கடலையை யாரும் அப்படிச் செய்வதில்லை. விளையும் நிலத்திலேயே விதைத்துவிடுகிறார்கள். பயிருக்குப் பயிர் இந்த வேறுபாடு இருப்பதுபோல், இயக்க அமைப்புகளிலும் வேறுபாடு உண்டு.

இயக்க அமைப்பு, அதாவது 'ஆப்பரேட்டிங் சிஸ்டம்', என்பது என்ன? நீங்கள் பயன்படுத்தும் செயலிகளுக்கும் கணிப்பொறியின் உறுப்புகளுக்கும் நடுவே நின்று பணி செய்யும் நிருவாகி அது. அதன் நடுப்பகுதிக்குக் 'கெர்னல்' என்று பெயர். திரை, வன்தட்டு, விசைப்பலகை, ஒலிக் கருவி, கம்பியில்லா வலை என ஒவ்வோர் உறுப்போடும் பேசுவதற்குத் தனித்தனி நிரல்கள் உண்டு. அவை 'டிரைவர்' எனப்படும் இயக்கிகள். ஒரு நிறுவனத்தின் வலைக் கருவிக்கு எழுதிய இயக்கி வேறொரு நிறுவனத்தின் கருவிக்குப் பொருந்தாது.

புதிதாக நிறுவும்போது, இயக்க அமைப்பு தான் குடியேறும் பொறியைச் சுற்றிப் பார்க்கிறது. இன்ன வன்தட்டு, இன்ன திரைக் கருவி, இன்ன வலைக் கருவி என்று தெரிந்துகொள்கிறது. இப்படி அறிந்தவற்றுள் சிலவற்றை அது எழுதி வைத்துக்கொண்டு அடுத்த முறையும் அதையே நம்புகிறது. சிலவற்றைப் பொறியை இயக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டறிகிறது. எழுதி வைத்து நம்புவது மிகுந்தால் இடம் பெயர்வது கடினம். கேட்டறிவது மிகுந்தால் எளிது. இக்கட்டுரையில் இனி வருவன எல்லாம் இந்த ஓர் உண்மையின் விரிவே.

விசையை அழுத்தியதும் நடப்பது

மின்விசையை அழுத்தியவுடன் வேலை செய்யத் தொடங்குவது இயக்க அமைப்பு அன்று. தாய்ப்பலகையிலேயே ஒரு சில்லில் பதிந்துள்ள சிறு நிரல்தான் முதலில் எழுகிறது. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பீ.சி. காலத்திலிருந்து இதற்குப் 'பயாஸ்' என்று பெயர். வன்தட்டின் முதல் பகுதியைப் படித்து, அதில் உள்ள கட்டளைகளை நிறைவேற்றுவது பயாஸின் வழக்கம். அப்பகுதியின் அளவு 512 பைட்டுகள். அதில் 446 பைட்டு தொடக்க நிரலுக்கு, 64 பைட்டு வன்தட்டின் பிரிவுகளைக் காட்டும் அட்டவணைக்கு, எஞ்சிய 2 பைட்டு அடையாள முத்திரைக்கு. இவ்வளவு சிறிய இடத்திலிருந்துதான் முழு இயக்க அமைப்பும் படிப்படியாக எழுந்து வருகிறது. இம்முறையில் தொடக்கத்துக்கு வேண்டியவை எல்லாம் வன்தட்டிலேயே இருப்பதால், தட்டை எங்கே மாட்டினாலும் முதற்படி தடையின்றி நடக்கும்.

பின்னாளில் யு.இ.எஃப்.ஐ. என்னும் புதிய முறை வந்து பயாஸின் இடத்தைப் பிடித்தது. இதில் வன்தட்டின் ஒரு தனிப் பிரிவில் தொடக்க நிரல் ஒரு கோப்பாக இருக்கும். 'இன்ன தட்டில், இன்ன பிரிவில், இன்ன கோப்பைத் திற' என்னும் குறிப்போ தாய்ப்பலகையின் நினைவகத்தில் எழுதப்படும். சிக்கல் இங்கேதான். வன்தட்டைக் கழற்றி எடுத்துச் செல்லும்போது அந்தக் குறிப்பு பழைய தாய்ப்பலகையிலேயே தங்கிவிடுகிறது. புதிய பொறிக்கு வீட்டு முகவரி தெரியாது. 'தொடங்குவதற்குரிய கருவி எதுவும் இல்லை' என்று திரையில் எழுதிவிட்டு நின்றுவிடும்.

இதை எதிர்பார்த்து, குறிப்பு இல்லாதபோது தேடிப் பார்ப்பதற்கென ஒரு பொதுப் பெயரை யு.இ.எஃப்.ஐ. விதிகள் வகுத்துள்ளன. சில இயக்க அமைப்புகள் நிறுவும்போதே அப்பெயரில் தொடக்க நிரலின் நகல் ஒன்றை வைக்கின்றன. அவை முகவரி இல்லாமலும் எழும். வேறு சில வைப்பதில்லை. அவற்றுக்கு நாம்தான் புதிய பொறியின் தொடக்கப் பட்டியலில் வழிகாட்ட வேண்டும்; அல்லது பென் டிரைவிலிருந்து இயங்கும் லினக்ஸ் ஒன்றைக் கொண்டு தொடக்க நிரலை மீண்டும் பதிக்க வேண்டும். பார்ப்பதற்கு வன்தட்டே கெட்டதுபோல் தோன்றும் இக்குறை, உண்மையில் ஒரு முகவரிச் சீட்டு தொலைந்ததேயாகும். இதை அறியாமல் நல்ல வன்தட்டை அழித்து, எல்லாவற்றையும் புதிதாக நிறுவிவிடுபவர்கள் உண்டு.

பெட்டிக்குள் சாவி

இரண்டாம் படியில் ஒரு வேடிக்கையான முடிச்சு இருக்கிறது. இயக்கிகள் எல்லாம் வன்தட்டில்தான் உள்ளன. ஆனால் வன்தட்டைப் படிக்கவே ஓர் இயக்கி வேண்டும். பெட்டியின் சாவி பெட்டிக்குள்ளேயே இருந்தால் எப்படித் திறப்பது?

விண்டோஸ் 7 இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. நிறுவும்போது அப்பொறியின் தட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி எவ்வகை என்று பார்த்து, அதற்குரிய இயக்கியை மட்டும் 'தொடக்கத்திலேயே எழுப்பு' என்று குறித்துக்கொண்டது. மற்ற வகைகளுக்கான இயக்கிகளும் தட்டில் இருந்தன. ஆனால் அவை உறங்கிக்கொண்டிருந்தன. வேறு வகைக் கட்டுப்பாட்டுக் கருவி உள்ள பொறியில் அந்தத் தட்டை மாட்டினால், உரிய இயக்கி எழாது. திரை நீலமாகி, தொடக்கத் தட்டை அணுக முடியவில்லை என்ற பிழைச் செய்தியோடு எல்லாம் நின்றுவிடும். பழுது பார்ப்பவர்கள் நன்கறிந்த நீலத்திரைக் காட்சி இது. மருந்து எட்டாத் தொலைவில் இல்லை, தட்டிலேயே இருக்கிறது, எழுப்பத்தான் ஆளில்லை. விண்டோஸ் 8 முதலாக வந்தவை இவ்வகையில் நெகிழ்ச்சி மிகுந்தவை. புதிய பொறியில் முதன்முறை எழும்போது உறுப்புகளை ஆராய்ந்து, சில நிமிடங்களில் தம்மைச் சரி செய்துகொள்ளும் வாய்ப்பு அவற்றுக்கு அதிகம்.

லினக்ஸ் வேறு வழியைக் கையாள்கிறது. தொடக்க நிரல் கெர்னலை நினைவகத்தில் ஏற்றும்போதே, ஒரு சிறு மூட்டையையும் உடன் ஏற்றிவிடுகிறது. அம்மூட்டையில் வன்தட்டைத் திறப்பதற்கான இயக்கிகள் இருக்கும். இனி, மூட்டையில் எதைக் கட்டுவது என்பதில் இரண்டு கொள்கைகள் உள்ளன. இந்தப் பொறிக்குத் தேவையானதை மட்டும் கட்டினால் மூட்டை சிறியது, தொடக்கம் விரைவு. கைவசம் உள்ள பெரும்பாலான இயக்கிகளையும் கட்டினால் மூட்டை பெரியது. ஆனால் எந்தப் பொறியிலும் எழும். டெபியன் வழக்கமாக மேற்கொள்வது இரண்டாவது கொள்கை. அதன் வழிவந்த அமைப்புகள் புதிய பொறியில் பெரும்பாலும் தடையின்றி எழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இக்கொள்கையை எல்லை வரை கொண்டுசென்றவர் ஜெர்மனியைச் சேர்ந்த கிளவுஸ் நாப்பர். 2000ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட 'நாப்பிக்ஸ்', வன்தட்டில் நிறுவாமலே ஒரே குறுந்தகட்டிலிருந்து இயங்கியது. அது எந்தப் பொறியைப் பற்றியும் எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் 'இங்கே என்னென்ன இருக்கின்றன?' என்று கேட்டே தொடங்கியது. ஆகவே காலையில் ஒரு பொறியிலும் மாலையில் வேறொரு பொறியிலும் அதே தகடு வேலை செய்தது. இன்று பென் டிரைவில் கொண்டு செல்லும் 'லைவ்' லினக்ஸ்கள் இம்மரபில் வந்தவையே.

வரிசை எண்ணும் சொந்தப் பெயரும்

வகுப்பில் 'மூன்றாம் இருக்கையில் உள்ள மாணவன்' என்று ஒருவனைக் குறித்தால், இருக்கை மாறியவுடன் குறிப்பு பொய்யாகிவிடும். பெயரால் குறித்தால் எங்கே உட்கார்ந்தாலும் ஆள் கிடைப்பான். லினக்ஸ் ஒரு காலத்தில் வன்தட்டுகளை இருக்கை எண்ணால்தான் குறித்தது. முதலில் கண்ட தட்டு எஸ்.டி.ஏ., அடுத்தது எஸ்.டி.பி. என்று பெயர். புதிய பொறியில் ஏற்கெனவே ஒரு தட்டு இருந்தால், எஸ்.டி.ஏ. ஆக இருந்தது எஸ்.டி.பி. ஆகிவிடும். இயக்க அமைப்பு தன் வீட்டையே தேடித் தவிக்கும்.

இன்று ஒவ்வொரு பிரிவுக்கும் யு.யு.ஐ.டி. என்னும் தனி அடையாள எண் தரப்படுகிறது. அது 128 பிட் நீளமுடையது. எழுதினால் 32 இலக்கம் வரும். தட்டை எந்தப் பொறியில் எந்த இடத்தில் மாட்டினாலும் அந்த எண் மாறுவதில்லை. இம்முறை இடம் பெயர்வதைப் பெரிதும் எளிதாக்கியது.

ஆயினும் இதிலும் ஒரு கவனம் தேவை. தட்டைக் கழற்றாமல், புதிய தட்டில் அப்படியே நகல் எடுத்தால் அடையாள எண்ணும் நகலாகிவிடும். மூலமும் நகலும் ஒரே பொறியில் இருந்தால் இரண்டு பேருக்கு ஒரே பெயர் வைத்தது போலாகும். எது எழும் என்று சொல்ல முடியாது. ஒரு கணிப்பொறியைச் சீராக அமைத்து, அதன் நகலை ஆய்வகத்தின் 20 கணிப்பொறிகளிலும் பதிக்க விரும்பும் பள்ளிகள் இதைக் குறிப்பாக அறிய வேண்டும். பொறியின் பெயர், உள் அடையாள எண், வலை முகவரி ஆகியவை இருபதிலும் ஒன்றாகவே இருந்தால், வலைப்பின்னலில் ஒன்றோடொன்று மோதும். இந்த அடையாளங்களை நீக்கிவிட்டு நகல் எடுப்பதற்காகவே விண்டோஸில் 'சிஸ்பிரெப்' என்னும் கருவி இருக்கிறது.

மொழியே வேறானால்

இதுவரை சொன்னவை எல்லாம் ஒரே இனப் பொறிகளுக்குள் நடக்கும் இடமாற்றம். செயலி எனப்படும் 'பிராசசர்' வேறு இனமானால் கதையே வேறு. மடிக்கணினியின் வன்தட்டில் உள்ள இயக்க அமைப்பு, இன்டெல், ஏ.எம்.டி. செயலிகளுக்குப் புரியும் எந்திர மொழியில் உள்ளது. கைப்பேசிகளிலும் ராஸ்பெரி பை போன்ற சிறு கணிப்பொறிகளிலும் உள்ள 'ஆர்ம்' செயலிக்கு அம்மொழி தெரியாது. தட்டைப் பொருத்த முடிந்தாலும் பயனில்லை. 32 பிட் செயலியில் 64 பிட் இயக்க அமைப்பு எழாததும் இதே காரணத்தால்தான்.

இங்கே செய்யக்கூடியது ஒன்றே. மனிதர் எழுதிய மூல நிரலை எடுத்து, புதிய செயலியின் மொழிக்கு மாற்றிப் பெயர்க்க வேண்டும். ஒரு காலத்தில் இயக்க அமைப்புகள் செயலியின் எந்திர மொழியை ஒட்டியே எழுதப்பட்டதால், பொறி மாறினால் எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டியிருந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1969இல் தோன்றிய யூனிக்ஸ், 1973இல் 'சி' என்னும் உயர்நிலை மொழியில் திருத்தி எழுதப்பட்டது. அதன் பயன் 1977இல் தெரிந்தது. ஆஸ்திரேலியாவின் உல்லங்காங் பல்கலைக் கழகத்தில் ரிச்சர்டு மில்லரும், பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி, ஸ்டீபன் ஜான்சன் ஆகியோரும் யூனிக்ஸை முற்றிலும் வேறான 'இன்டர்டேட்டா' பொறிகளுக்குக் கொண்டுசென்றனர். இயக்க அமைப்பு என்பது ஒரு பொறியின் உறுப்பன்று, பொறி விட்டுப் பொறி போகக்கூடிய நூல் என்பது அதனால் நிலைபெற்றது.

நம் மாநிலத்திலும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழுவினர் 'சக்தி' என்னும் செயலியை வடிவமைத்தனர். 2018ஆம் ஆண்டு அச்செயலியில் லினக்ஸ் எழுந்து இயங்கியது. அதே ஆண்டு சண்டிகரில் உள்ள குறைகடத்தி ஆய்வகத்திலும் அச்செயலி வார்க்கப்பட்டது. புதிய செயலி பிறந்தவுடன் அதற்கென ஓர் இயக்க அமைப்பைத் தொடக்கத்திலிருந்து எழுத வேண்டியிருக்கவில்லை. மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருந்ததால், அதைப் புதிய மண்ணில் நட முடிந்தது. திருச்சியை அடுத்த துவாக்குடியில், தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட 'பரம் பொருள்' மீத்திறன் கணிப்பொறியின் திறன் 838 டெராஃபிளாப்ஸ். அதாவது நொடிக்கு ஏறத்தாழ 838 இலட்சம் கோடிக் கணக்கீடுகள். அதை நடத்துவதும் லினக்ஸ் கெர்னல்தான். உப்பிலியபுரத்து மாணவரின் பழைய மடிக்கணினியில் உள்ள பாஸ் லினக்ஸும் அதே குடும்பம்.

உரிமமும் பூட்டும்

பொறியியல் தடைகள் எல்லாம் நீங்கினாலும் வேறு இரண்டு தடைகள் உள்ளன. ஒன்று, உரிமம். கணிப்பொறியோடு சேர்த்து விற்கப்படும் விண்டோஸின் உரிமம் பொதுவாக அந்தப் பொறிக்கே உரியது, தாய்ப்பலகையோடு பிணைந்தது. விண்டோஸ் 8 காலம் முதல் அதன் திறவெண் தாய்ப்பலகையின் சில்லிலேயே பதிக்கப்பட்டும் வருகிறது. வன்தட்டு இடம் மாறினால், இயக்க அமைப்பு எழுந்தாலும், உரிமம் செல்லாது என்று அறிவிக்கக்கூடும். தனியாக விலை கொடுத்து வாங்கிய உரிமத்தை வேறு பொறிக்கு மாற்றிக்கொள்ள வழியுண்டு. லினக்ஸின் உரிமமோ யாரும் எத்தனை பொறிகளிலும் நிறுவவும், நகல் எடுக்கவும், பிறருக்குத் தரவும் இசைவளிக்கிறது. ஒரே மடிக்கணினியில் இருந்த இரண்டு அமைப்புகளில், வீட்டை விட்டுப் போகும்போது ஒன்றுக்கு அனுமதி வேண்டும், மற்றதற்கு வேண்டியதில்லை.

மற்றது, மறையாக்கம். புதிய விண்டோஸ் கணிப்பொறிகளில் 'பிட்லாக்கர்' என்னும் பூட்டு, தட்டில் உள்ள அனைத்தையும் மறைமொழியாக மாற்றிவைக்கும். அதன் சாவி டி.பி.எம். என்னும் சில்லில், தாய்ப்பலகையில் இருக்கும். தட்டு வேறிடம் சென்றால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். எண் தெரியாவிட்டால் இயக்க அமைப்பும் கிடையாது, கோப்பும் கிடையாது. திருடனிடமிருந்து காப்பதற்கு வைத்த பூட்டு, உரியவரையும் வெளியே நிறுத்திவிடும். தாய்ப்பலகை பழுதான பிறகு இந்த எண்ணை அந்தப் பொறியிலிருந்து எடுக்க முடியாது. பொறி நன்றாக இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும்.

செய்ய விரும்புவோர்க்கு

முதலாவதாக, கோப்புகளை வேறோரிடத்தில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பொறி இயங்காவிட்டால், வன்தட்டை ஒரு யு.எஸ்.பி. உறையில் பொருத்தி வேறு கணிப்பொறி வழியாக நகல் எடுக்கலாம். மற்ற எந்த முயற்சியும் இதற்குப் பிறகே.

இரண்டாவதாக, பழைய பொறி இன்னும் இயங்குமானால் அதை முழுமையாக நிறுத்துங்கள். விண்டோஸ் 8 முதல் உள்ள 'விரைவுத் தொடக்கம்' என்னும் வசதி, நிறுத்தும்போது கெர்னலின் நிலையைத் தட்டில் எழுதி வைத்து, மறுமுறை அதையே நம்பித் தொடங்குகிறது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு நிறுத்தினால் அந்தக் குறிப்பு எழுதப்படாது.

மூன்றாவதாக, செயலியின் இனம், 32 பிட்டா 64 பிட்டா என்பது, பயாஸா யு.இ.எஃப்.ஐ.யா என்பது ஆகியவற்றைப் புதிய பொறியில் பார்த்துக்கொள்ளுங்கள். மடிக்கணினியின் இரண்டரை அங்குலச் சாட்டா வன்தட்டை, மேசைக் கணிப்பொறியின் சாட்டா இணைப்பிலும் மாட்டலாம். சிறு பட்டைபோல் இருக்கும் எம்.2 வகைத் தட்டுகளில் இணைப்பு முறைகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. தோற்றம் ஒத்திருப்பதால் மட்டும் வேலை செய்யும் என்று எண்ணிவிடக் கூடாது.

நான்காவதாக, கழற்றும் முன் மின் இணைப்பைத் துண்டித்து, மின்கலத்தை எடுத்துவிடுங்கள். மின்கலம் உப்பியிருந்தால் அதைக் குத்தவோ அழுத்தவோ வேண்டா, தீப்பற்றக்கூடும்.

ஐந்தாவதாக, தட்டு முழுவதையும் நகல் எடுப்பதானால், குளோன்ஸில்லா போன்ற இலவசக் கருவிகள் உதவும். எது மூலம், எது இலக்கு என்பதை இருமுறை சரிபாருங்கள். இரண்டும் இடம் மாறினால், வெற்றுத் தட்டு உங்கள் தட்டின் மேல் நகலாகிவிடும்.

புதிய பொறியில் எழுந்த பிறகு திரையின் அளவு பொருந்தாமலோ, கம்பியில்லா வலை கிடைக்காமலோ போனால் கலங்க வேண்டா. வலைக் கருவி மாறும்போது அதன் பெயரும் மாறுவதால், பழைய பெயருக்கு எழுதிய அமைப்புகள் செல்லாமல் போவதுண்டு. உரிய இயக்கியை நிறுவினால் சரியாகும்.

எல்லாவற்றையும் பெயர்த்து நடத்தான் வேண்டுமா என்பதையும் எண்ணிப் பாருங்கள். விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14ஆம் நாளோடும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடும் முடிந்தன. பழைய அமைப்பை அப்படியே கொண்டுவந்தால் அதன் காக்கப்படாத வாயில்களும் உடன் வரும். பழைய எழுத்துருக் கோப்புகளைத் திறந்து, ஒருங்குறிக்கு மாற்றி முடிக்கும் வரை அதை வலைத் தொடர்பில்லாமல் பயன்படுத்தலாம். வங்கி வேலைக்கும் அன்றாட வலைப் பயன்பாட்டுக்கும் புதிய அமைப்பே நல்லது.

அலமாரியில் உறங்கும் மடிக்கணினியைக் குப்பைக்கு அனுப்பும் முன், அதன் வன்தட்டில் ஒரு குடும்பத்தின் முதல் கல்லூரி விண்ணப்பமும், ஒரு மாணவியின் செய்முறைக் குறிப்பேடும், ஊர்த் திருவிழாவின் படங்களும் இருக்கலாம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இன்று நன்றாக இயங்கும் பொறி உங்களிடம் இருந்தால், மீட்பு எண்ணை எழுதி வைப்பதற்கும், பழைய எழுத்துருக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுவதற்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். தாய்ப்பலகை பழுதானபின் அதே வேலைக்குப் பல நாள் ஆகலாம். சில வேளை முடியாமலே போகலாம்.